பதினோரு நாள் வில்லன்

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரிந்திருக்காது. பெரிய வில்லன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு இடது பக்கம் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னதாக, புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, அவர்தான். இடைவேளைக்கு முன்னால் யாராவது ஒரு அப்பாவியைக் கொல்லுவார். இடைவேளைக்குப் பின்னால் கதாநாயகன் கையால் சாவார். அடியாள், வட்டிக்காரர், மணல் லாரி முதலாளி, டிவிக்கு வந்த பிறகு கொடுமைக்கார மாமனார். பதினேழு வருடத்தில் நல்லவராக ஒரு நாள்கூட நடித்ததில்லை.

பெயரை இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை ஒரு காகிதத்தில் அவர் பெயரை எழுதினேன். அது செய்த வேலை போதும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஊர் வாலிகண்டபுரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். காலையில் எட்டு மணி பஸ்ஸில் வந்து, சாயங்காலம் ஆறரை பஸ்ஸில் திரும்பிப் போவேன். கடையில் ஆதார் திருத்தம், பான் கார்டு, பரீட்சை அப்ளிகேஷன், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. போட்டோ எடுக்கப் பின்பக்கம் ஒரு அறையில் வெள்ளைச் சுவர் இருந்தது. அந்தச் சுவருக்காகத்தான் அவர் எங்கள் கடைக்கு வந்தார்.

இப்போதெல்லாம் சினிமா கம்பெனிகள் ஆளை நேரில் கூப்பிடுவதில்லையாம். வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இவர் பேசி நடித்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, போனை என்னிடம் கொடுத்து, "பாப்பா, நீங்க அந்தப் பக்கத்து வசனத்தப் படிக்கிறீங்களா?" என்று கேட்டார். வயதில் என்னைவிட ரொம்பப் பெரியவர். பாப்பா என்பார், ஆனால் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கடைக்கு டீ கொண்டுவருகிற ஆளிடமும் ங்க போட்டுத்தான் பேசுவார்.

அந்தப் பக்கத்து வசனம் எப்போதும் ஒன்றுதான். "என்னை வுட்டுருங்க." "எங்க அப்பாவ ஒண்ணும் செஞ்சுடாதீங்க." ஒரு கையில் போன், ஒரு கையில் காகிதம் பிடித்துக்கொண்டு நான் ராகம் போட்டுப் படிப்பேன். அவர் ஒரு அடி முன்னால் வந்து குரலைத் தாழ்த்துவார். மற்ற வில்லன்கள் கத்துவார்கள், இவர் கத்தவே மாட்டார். காதுக்குள் ரகசியம் சொல்கிற மாதிரி பேசுவார். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லென்று இருக்கும். பேசி முடித்ததும் மூச்சை விட்டுவிட்டு, "மன்னிச்சுக்குங்க பாப்பா" என்பார். ஏழு தடவை எடுத்தால் ஏழு மன்னிப்பு.

"எதுக்கு சார் ஒவ்வொரு தடவையும்? நடிப்புதானே?" என்று கேட்டேன்.

"நடிப்புதாங்க. ஆனா உங்க மூஞ்சி ஒரு செகண்டு மாறுதுல்ல, அது நடிப்பில்லையே."

ஷூட்டிங்கிலும் அப்படித்தானாம். முடியைப் பிடித்து இழுக்கும் காட்சி என்றால் முதலில் அந்தப் பெண்ணிடம் போய், "இந்த எடத்துல பிடிக்கலாமாங்க? வலிச்சா காலைத் தட்டுங்க, வுட்டுடறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் பிடிப்பார். கட் சொன்னதும் முதல் வேலையாகப் போய் மன்னிப்புக் கேட்பார். சில நடிகைகளுக்கு அதுவே எரிச்சலாகப் போய், "சார், போதும் சார்" என்றிருக்கிறார்கள். இவர் விட்டதில்லை.

பரம சாது என்று நினைத்துவிடாதீர்கள். தன் முகத்தைப் பற்றிக் கர்வம் உண்டு. போட்டோ பிரிண்ட் போட்டால், "கன்னம் பளபளன்னு இருக்கு. கொஞ்சம் கறுப்பாக்குங்க. அந்தச் சின்னக் கண்ணு நல்லாத் தெரியணும்" என்று அரை நாள் உட்கார வைத்துவிடுவார். ரஞ்சன்குடிக் கோட்டையில் படம் எடுக்க வந்தவர்கள் அடியாள் கூட்டத்துக்கு ஆள் தேடியபோது, உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இவரைப் பார்த்து "இந்த மூஞ்சி வேணும்" என்றார்களாம். அந்த மூன்று வார்த்தையை அவர் குறைந்தது முப்பது தடவை என்னிடம் சொல்லியிருப்பார். இன்னொரு நடிகருக்கு நல்ல வேஷம் கிடைத்துவிட்டால் இரண்டு நாள் முகம் தொங்கிப்போகும்.

ஒரு தடவை நல்ல அப்பா வேஷத்துக்கு வசனம் வந்தது. மகளை வழியனுப்பும் காட்சி. சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் நடித்தார். எனக்கே கண் கலங்கியது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த அப்பாவை வெட்டிப் போடுகிற ஆளாக நடிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். போனை என்னிடம் நீட்டிக் காட்டிவிட்டுச் சிரித்தார். நடிக்கவும் போனார்.

அவர் மாமனாராக நடித்த சீரியல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், அரியலூர் பஸ்ஸில் நானும் அவரும் ஏறினோம். எனக்கு அரியலூரில் வேலை ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர், அப்போது அவர் என் வீட்டுக்காரர் இல்லை, அங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். அதனால் எனக்கு மாதத்தில் ஒரு நாள் அரியலூரில் ஏதாவது வேலை வந்துவிடும். பஸ்ஸில் சின்ன வெங்காயம் உரிக்கப் போய்த் திரும்புகிற பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு அம்மா எழுந்து நின்றே கேட்டுவிட்டது.

"மருமவள மாடிப்படியில தள்ளி வுட்டியே, நீயெல்லாம் வெளங்குவியா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் இருக்கையை விட்டு எழுந்து கை கூப்பினார்.

"தப்புதாங்க. ஆனா அது சாவாதுங்க. அடுத்த வாரம் கண்ணு முழிச்சுரும். யார்ட்டயும் சொல்லிப்புடாதீங்க, கம்பெனில திட்டுவாங்க."

"நெசமா?"

"நெசமாத்தாங்க. நானே ஆஸ்பத்திரில பூரிப் பொட்டலம் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டது. பக்கத்திலிருந்தவளிடம், "பொழச்சிக்கிறாளாம்டி" என்றது. குன்னம் வரைக்கும் பஸ்ஸில் சிரிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக்கு அடிக்கடி ஒரு ஆள் வருவான். ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க அரை மணி நேரம் நிற்பான். காகிதம் வாங்கும்போது விரலைப் பிடிப்பான். ஒரு நாள் அவர் பின் அறையிலிருந்து இதைப் பார்த்துவிட்டார். வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றார். தொடவில்லை. அவன் காதருகே குனிந்து ஏதோ நாலு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் காகிதத்தையும் எடுக்காமல் போனான். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

நானும் கூட வேலை பார்த்தவளும் கை தட்டினோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"பயந்துட்டீங்களா சார்?"

"இல்ல பாப்பா. நல்லாருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

அவர் சொன்னதை நான் கவனிக்கவில்லை. அவன் எப்படி ஓடினான் என்பதை மட்டும்தான் கவனித்தேன். இந்த முகத்தைப் பற்றி என்ன கெட்டது சொன்னாலும் எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்பது அன்றைக்குத்தான் என் மனதில் விழுந்திருக்க வேண்டும்.

வீட்டில் என் விஷயம் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வேறு சாதி ஆட்கள். எங்கள் பக்கத்து ஊரில் அப்படிப் போன ஒரு பெண்ணை மூன்றாம் நாள் கூட்டிவந்தார்கள். அவளைப் பிறகு நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்துத் தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் நாகப்பட்டினத்தில் அவருடைய சிநேகிதர் வீட்டுக்குப் போய், அங்கே கோவிலில் தாலி கட்டி, ரிஜிஸ்டர் செய்வது என்று முடிவு செய்தோம். அதற்கு மூன்று நாள் வேண்டும். அந்த மூன்று நாள் எங்கள் வீட்டு ஆட்கள் அரியலூர்ப் பக்கம் திரும்பக் கூடாது.

நான் ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு சினிமாவில் நடிக்க ஆசை, சார் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார், சென்னைக்கு அனுப்பி வைக்கிறார், என்னைத் தேட வேண்டாம். அதில் அவர் பெயரை முழுதாக எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவசரத்தில் எழுதியது என்று சொல்ல முடியாது. முதல் நாள் கடையிலேயே உட்கார்ந்து, இரண்டு தடவை கிழித்துப் போட்டு, மூன்றாம் தடவை நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

காலையில் கடிதத்தை டிவி மேல் வைத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸில் வந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் நின்றார். அரியலூர் பஸ்ஸில் பையைத் தூக்கி வைக்கும்போது எதிர் டீக்கடையைப் பார்த்தேன். அங்கே சார் நின்றுகொண்டிருந்தார். என்னையும் பார்த்தார், என் வீட்டுக்காரரையும் பார்த்தார், பையையும் பார்த்தார். இவரைக் கடையில் முன்பே இரண்டு தடவை பார்த்திருக்கிறார். டீ கிளாஸைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டிச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம், நாகப்பட்டினத்தில், கடையில் கூட வேலை பார்த்தவளிடமிருந்து போட்டோ ஒன்று வந்தது. அவளுக்கு மட்டும் புது நம்பர் தெரியும். போட்டோவில் அவர் தன் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. வாய் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. சுற்றிலும் கால்கள் மட்டும் தெரிந்தன. அதில் ஒரு ஜோடிச் செருப்பு எங்கள் அண்ணனுடையது. கீழே, "போன் பண்ணுடி" என்று எழுதியிருந்தாள்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "நாளைக்கு ரிஜிஸ்டர் முடியட்டும். முடிஞ்ச உடனே பண்ணிடலாம்" என்றார்.

மறுநாள் ரிஜிஸ்டர் முடிந்தது. நான் போன் செய்யவில்லை.

பதினோராம் நாள்தான், சிநேகிதரின் வக்கீல் வற்புறுத்தியதால், அரியலூரில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் மனு கொடுத்தோம். அப்பாவை வரச் சொன்னார்கள். அப்பா வந்து என் கழுத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஆளு?" என்றார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நாந்தான் சும்மா எழுதினேன்."

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். கத்தவில்லை, அடிக்க வரவில்லை. "தெரியாதுன்னா அவன் எதுக்கு ஆமான்னு சொன்னான்?" என்று கேட்டார்.

அவர் ஆமாம் என்று சொன்னது எனக்கு அப்போதுதான் தெரியும். மறுத்திருப்பார், இவர்கள் நம்பாமல் அடித்திருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார், அண்ணன் கேட்டான், கூட வேலை பார்த்தவள் கேட்டாள். எல்லோரிடமும் பயம் என்று சொன்னேன்.

அவரைப் பார்க்கப் போக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. நானும் என் வீட்டுக்காரரும் பழம் வாங்கிக்கொண்டு போனோம். வாசலுக்கு வந்து, "அட, பாப்பா! வாங்க, வாங்க. சார், உள்ள வாங்க" என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அவர் மனைவி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த அம்மா அவர் நடித்த எதையும் பார்ப்பதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சீரியல் போடுகிற நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவாராம். "அவளுக்கு நடிப்பும் நெசமும் ஒண்ணுங்க" என்பார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். சார் காதில் வாங்கவே இல்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"இங்கதான் உங்க அப்பா நிக்கறாரு. அங்க உங்க அண்ணன், கையில கார் சாவி. வெளில ரெண்டு பேரு. லெட்டரக் குடுத்தாங்க. படிச்சேன். காலைல பஸ்ஸப் பாத்தனா, எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. தெரியாதுங்கன்னு நான் சொன்னா அடுத்து எங்க போவாங்க? கடைக்குப் போவாங்க. அந்தப் பொண்ணு அரை மணி நேரம் தாங்காது. அங்கேருந்து நேரா அரியலூர். அதான் ஒக்காந்தேன். கால் மேல கால் போட்டேன்."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து காட்டினார். குரல் தாழ்ந்தது.

"ஆமாய்யா. நாந்தான் ஏத்தி வுட்டேன். இந்நேரம் மெட்ராஸ்ல எறங்கியிருக்கும். பொண்ணுக்கு நல்ல மூஞ்சி. வூட்டுல வெச்சு வெங்காயம் உரிக்க வுடவா பெத்தே? போ. போயித் தேடிக்க."

என் வீட்டுக்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அன்றைக்கும் அந்த அம்மா அங்கேதான் இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் காதால் கேட்டிருக்கிறார்.

நாலு பேரும் அந்தச் சாயங்காலமே கார் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கிறார்கள். எங்கேயும் கிடைக்காமல் மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து அவரைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். பிறகு போலீஸ். "பாப்பா மேஜர். அவங்க இஷ்டத்துல போயிருக்காங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும், சாயங்காலம் அனுப்புவார்கள். நாங்கள் பத்திரமாக இருக்கிறோமா, கல்யாணம் முடிந்ததா, எதுவும் அவருக்குத் தெரியாது. நான் பேசினால்தான் தெரியும். நான் பேசும்வரை அவர் வாயைத் திறப்பதில்லை என்று இருந்துவிட்டார்.

நடித்துக் காட்டி முடித்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, அது கர்வம்தான். அவர் நடித்த எதிலும் நான் அவ்வளவு நல்ல காட்சியைப் பார்த்ததில்லை. பிறகு அந்தச் சந்தோஷம் வடிந்தது.

"உங்க அப்பா கால்ல வுழுந்துட்டாரு பாப்பா. எம் பொண்ணக் குடுத்துருங்கய்யான்னு. நான் காலை இழுத்துக்கல. இழுத்தா சீன் போயிரும். எத்தனை பேரை அழ வெச்சிருக்கேன். கட் சொன்னதும் போயி மன்னிப்புக் கேட்டுருவேன். அன்னிக்குக் கட் சொல்ல ஆள் இல்ல."

"நீங்க எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கணும்? நாங்கதான்..."

"போயிக் கேட்டுட்டேனே. நீங்க ஸ்டேஷனுக்கு வந்தீங்கல்ல, அதுக்கு மறு மாசம். மக்காச்சோளக் காட்டுல களை எடுத்துட்டு இருந்தாரு. கையப் புடிச்சேன். போய்யான்னுட்டாரு. பரவால்ல."

எங்கள் பையன் பிறந்த பிறகு அப்பா பேச ஆரம்பித்தார். ஒரே ஒரு தடவை, பையனை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ஆளு காட்டுக்கு வந்தப்ப நான் எந்திரிச்சு நின்னுருக்கணும்" என்றார்.

அன்று வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பியபோது சாரே கேட்டார். "பாப்பா, ரெஜிஸ்டர் என்னிக்கு முடிஞ்சுது?"

"மூணாம் நாளு சார்."

விரல்களை மடக்கிக்கொண்டே, "அப்புறம்?" என்றார்.

"பயமா இருந்துச்சு சார்."

"பயம் இருக்கத்தானே செய்யும்" என்றார். என் தலையில் கை வைக்க வந்து, "வெக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

அவர் போட்டோவோடு 'இளம்பெண் மாயம், நடிகரிடம் விசாரணை' என்று ஒரு செய்தி அந்தப் பதினோரு நாளில் எல்லா குரூப்பிலும் சுற்றியது. சீரியல் கம்பெனி ஆளை மாற்றிவிட்டது. புது மாமனார் வந்தார். நான் திரும்பி வந்த செய்தியை யாரும் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று படத்தில் வந்தார். முன்பு மாதிரி வசனம் இல்லை, கூட்டத்தில் ஒருவர். ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். யாரோ வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதில் அவர் ஒரு பெண்ணின் முடியைப் பிடித்து இழுக்கிற வீடியோத் துண்டைப் போட்டு, 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதியிருந்தார்கள்.

காரியத்துக்கு நான் போகவில்லை. ஆட்கள் இருப்பார்கள் என்று தயங்கினேன். ஒரு வாரம் கழித்து, ஒரு மத்தியான நேரத்தில், தனியாகப் போனேன். கதவு திறந்தே இருந்தது. அவர் மனைவி, அந்த அக்கா, அங்கன்வாடிப் பதிவேட்டைத் தரையில் விரித்து எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒக்காரும்மா."

உட்கார்ந்தேன். சுவரில் அவர் படம் மாலையோடு இருந்தது. வெள்ளைச் சட்டை. நான் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள்.

அக்காவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு இவரு பேசுனத நான் அங்க நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன். நம்பிட்டேன். மறுநாள் தெருவுல போட்டு அடிக்கறாங்க. இவரு என்னத்தான் கூப்புடறாரு. நான் உள்ள தாப்பாள் போட்டுட்டு நின்னேன்."

"அக்கா..."

"பதினோரு நாளும் ஒரு பேச்சு பேசல. தட்டத் தரையில வெச்சுத் தள்ளி வுடுவேன். இவரும் சாப்புட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போவாரு. நெசம் தெரிஞ்சப்பறம் கேட்டேன், என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லன்னு. 'உனக்கு நடிக்க வராது, உன் மூஞ்சிலேயே கண்டுபுடிச்சிருப்பாங்க'ன்னாரு. அப்பறம் நாங்க நல்லாத்தான் இருந்தோம். ஆனா ராவுல தண்ணி வேணும்னாக்கூட என்னக் கூப்புட மாட்டாரு. அவராவே எந்திரிச்சுப் போவாரு. கூப்புட்டா நான் வரமாட்டேன்னு அவருக்கு ஒரு இது."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் அழவில்லை. பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தார்.

"எனக்காவது தெரியாது. உனக்குத் தெரியும். போட்டோகூட வந்துச்சாமே."

"வந்துச்சுக்கா."

"மூணாம் நாளே எல்லாம் முடிஞ்சுருச்சு. அப்பறம் எட்டு நாளு. ஏம்மா பேசல?"

பயம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் சொன்ன வார்த்தைதான். வரவில்லை.

"நல்லாருந்துச்சுக்கா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"அந்த எட்டு நாளும் எனக்கு நல்லாருந்துச்சு. காலைல எந்திரின்னு யாரும் எழுப்பல. கடலுக்குப் போவோம். நான் கடலு பாத்ததே இல்ல. அவரு மீன் வாங்கிட்டு வருவாரு, நான் கொழம்பு வெப்பேன். சாருக்குப் போன் பண்ணுனா போலீசு, அப்பா, எல்லாம் வந்துரும். அது அதோட முடிஞ்சுரும்னு தோணுச்சு. சாரு ஞாபகம் வராம இல்ல. தெனமும் வரும். நாளைக்குப் பண்ணிக்கலாம்னு நெனச்சுக்குவேன்."

சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெளியே யார் வீட்டிலோ மிக்ஸி ஓடி நின்றது.

"இத அவர்ட்டச் சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. பயம்னுதான் சொன்னேன்."

"நம்புனாரா?"

"நம்புனாரு."

அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "அது போதும்" என்றார். யாருக்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

எழுந்தேன். அவரும் எழுந்து வாசல்வரை வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில், "போயிட்டு வரேங்க்கா" என்றேன்.

"வர வேணாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.